இன்றைக்கா, நாளைக்கா?

பானி என்ற ஊரில் தள்ளுவண்டிக்காரர் எலிசியோவிடம் மாம்பழம் வாங்குவது சுலபம். பழத்தைத் தொடவே வேண்டாம். "இன்னிக்குச் சாப்பிடவா, நாளைக்கா?" என்று அவர் கேட்பார். பதில் சொன்னால் போதும். காம்பு ஓரத்தை முகர்ந்து பார்த்துச் சரியான பழத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். தெருவில் அவர் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த மதிப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர் மகள் பெல்கிஸ், வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. அடிப்பிடித்த சோறு என்றால் அந்த ஊரில் சண்டை போட்டுச் சாப்பிடுவார்கள். ஆனால் இதுவோ வெறும் கரி! அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாகப் பழங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! உங்களுக்கு வாசனையே தெரியலையா?"

அவர் பதறியடித்து அடுப்பை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட மூக்கும் போயிடுச்சும்மா. யார்கிட்டயும் சொல்லிடாதே. மூக்கில்லாத மாம்பழக்காரன்னு ஊரே சிரிக்கும்."

"அதனாலதான் நேத்து தோன்யா ஃபிலோமெனாவுக்குக் காயைக் கொடுத்தீங்களா?"

அப்பா தலையைத் தொங்கப்போட்டார். எல்லோரும் மரியாதையாகத் 'தோன்யா' என்று அழைக்கும் அந்த அம்மாள் காலையில்தான் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்: "சம்பந்தி முன்னாடி என் மானமே போச்சு! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டிக்குப் போயிடுவேன்." அவர் போனால் தெருவே பின்னால் போய்விடும்.

பெல்கிஸ் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"என் மூக்கு சும்மாத்தானே இருக்கு? அதை வெச்சுக்கோங்க."

மறுநாள் காலை, வண்டி கிளம்பும் முன்பே அவள் ஒவ்வொரு பழமாக முகர்ந்து அடுக்கினாள். இன்றைக்கு உண்ணும் பழத்துக்குக் காம்பு மேலே. நாளைக்கு என்றால் காம்பு கீழே. அப்பா பார்த்தாலே தெரிந்துவிடும். வியாபாரமும் ஜோராக நடந்தது, தோன்யா ஃபிலோமெனா வரும்வரை.

"இன்னிக்கு நானே பாத்து எடுத்துக்கறேன்!" என்று அவர் இரண்டு கைகளாலும் பழங்களைப் புரட்டித் தள்ளினார். மேலே இருந்த காம்பெல்லாம் கீழே போனது, கீழே இருந்தது மேலே வந்தது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் புரியல. நீயே எடு. இன்னிக்கு மதியத்துக்கு" என்றார்.

அப்பாவின் கை ஒரு பழத்தின் மேல் போய் அப்படியே நின்றது. நெற்றியில் வியர்த்தது. வண்டிக்குப் பின்னாலிருந்து பெல்கிஸ் முன்னே வந்தாள்.

"தோன்யா, நான் எடுக்கட்டுமா? தொழில் பழகறேன். தப்பா இருந்தா என்னையே திட்டுங்க."

"நீயா? முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ளயா?"

பெல்கிஸ் பழங்களை முகர்ந்தாள். பளபளவென்று சிவந்திருந்த ஒன்றைத் தள்ளிவைத்தாள். பச்சைத் திட்டுகளோடு இருந்த ஒன்றை நீட்டினாள்.

"இதுவா? காய் மாதிரி இருக்கே!"

"சாப்பிட்டுப் பாருங்க."

தோன்யா பழத்தை உள்ளங்கையில் உருட்டிக் கசக்கி, நுனியைக் கடித்து உறிஞ்சினார். சாறு முழங்கை வரை வழிந்தது. கொட்டையைக்கூட விடாமல் சப்பி முடித்தார்.

"எலிசியோ, உன்னைவிட உன் பொண்ணு மூக்கு பலே மூக்கா இருக்கே!"

அப்பா தொப்பியைக் கழற்றினார். "இப்ப எனக்கு இருக்கறதே அந்த மூக்குதான், தோன்யா. என்னோடது காய்ச்சல்ல போயிடுச்சு."

பெல்கிஸ் சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அட, இதைச் சொல்ல வேண்டியதுதானே! என் வீட்டுக்காரருக்குக் காதே கேக்காது. அவரை நான் என்ன வித்துட்டேனா?" என்று சிரித்த தோன்யா, பையை பெல்கிஸிடம் நீட்டினார். "இன்னும் பத்து எடு, கண்ணு."

வண்டி காலியானதும் அப்பாவும் மகளும் மர நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழம் சாப்பிட்டார்கள்.

"இனிப்பு தெரியுது. ஆனா மாம்பழமான்னுதான் தெரியல" என்றார் அப்பா.

பெல்கிஸ் தன் பழத்தை ஆழமாக முகர்ந்தாள். "கொஞ்சம் தேன் வாசனை, கொஞ்சம் பூ வாசனை. காம்புகிட்ட லேசா எலுமிச்சை..."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார். "பழம் இன்னும் பாதி இருக்கு."