மரையில் இருந்த மணல்

டார்ச்சின் தலையைத் திருகும்போது அந்தச் சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. கீரையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தால் பல்லுக்கடியில் ஒரு மணல் அரைபடுமே, அந்த அளவுதான். ஆனால் ஸ்டோர்காரனுக்கு அதைக் கேட்டதும் உடம்பே கூசியது. ஒரு விரல் நீளமுள்ள சட்டைப்பை டார்ச். பொத்தான் கிடையாது. தலையை இறுக்கினால் எரியும், கால்வாசிச் சுற்று தளர்த்தினால் அணையும். இத்தனை எளிமையான பொருள் இப்படி முரண்டு பிடிப்பதாவது என்று அவனுக்குக் கோபமே வந்தது.

அது அவன் மனைவியுடைய டார்ச். நகரத்துக்கு அடியில் ஓடும் மின்கேபிள் சுரங்கத்தில் இணைப்பு வேலை பார்ப்பவள் அவள். இருவருக்கும் ஒரே இடத்துக்கு மாற்றல் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குச் சுரங்கம். அவனுக்கு, சுரங்கத்தில் இறங்கும் குழியை ஒட்டி, பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய ஜன்னலில்லாத ஸ்டோர் அறை. "வீட்டுலதான் என் பேச்சுக்குக் கீழ இருக்கீங்க, வேலையிலயாவது மேல இருங்க" என்று அவள் கேலி செய்வாள்.

கேபிளை அறுத்து இணைக்கும்போது அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சுரங்கத்து விளக்குகளும் அதோடு போய்விடும். வேறு யாராவது ஞாபகமறதியாகப் போட்டுத் தொலைக்கக் கூடாதே என்று சுரங்கத்துக்குள் இருக்கும் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை இறங்கினவர்களே வைத்துக்கொள்வார்கள். அப்புறம் தொப்பியின் ஓரத்தில், காதை ஒட்டிச் செருகியிருக்கும் இந்தச் சின்ன டார்ச்தான் அவர்களுக்குச் சூரியன், சந்திரன் எல்லாம்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் கட்டைவிரலை நீட்டிக் காட்டியிருந்தாள்.

"பாருங்க, இந்தச் சனியனத் திருகித் திருகித் தோலே உரிஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பாக்குறீங்க, பொண்டாட்டி டார்ச்சுக்கு நாதியில்ல."

"கொண்டா. நாளைக்கு வெண்ணெய் மாதிரி ஆக்கித் தர்றேன்."

"மேஸ்திரி வேற சொல்லிருக்காரு, டார்ச்சு தானா கரகரன்னா போட்டது போட்டபடி மேல வந்துடணுமாம். இவ்வளவு பெரிய மனுஷன், டார்ச்சுக்குப் பயப்படுறாரு!"

இருவரும் சிரித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவன்கூட ஏதோ சொன்னான். மேஸ்திரி கண்புரை ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். வழக்கமாக அவர் தன் அலமாரியில் பூட்டிவைத்து, காலையில் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கும் டார்ச்சுகள் இப்போது அலமாரிச் சாவியோடு ஸ்டோர்காரனிடம் இருந்தன.

ஆகவே காலையில் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து, மேஸ்திரியுடையதையும் சேர்த்து நாலு டார்ச்சையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டான். தலைகளைக் கழற்றினான். பழைய பல்துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, தலை திருகும் மரையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். பழைய கிரீஸ் கூழாகி வழிந்தது. துணியில் ஒரு நூலைப் பிரித்து, மரையின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டித் துடைத்தான். ரப்பர் வளையத்தில் கீறலில்லை. கடுகளவு சிலிக்கான் கிரீஸைத் தொட்டு வைத்து, தலையை மாட்டி, முன்னும் பின்னுமாகத் திருகினான். சத்தம் செத்துப்போயிருந்தது. இரண்டு விரல் பட்டாலே போதும், தண்ணீரில் சுற்றுவதுபோலச் சுற்றியது. அவனுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது.

இறங்க வந்தவர்கள் மூன்று பேர். அவன் மனைவி, நெட்டை, சர்க்கரை. நெட்டையின் தலை எந்தக் கதவிலும் இடிக்கும்; டீயில் சர்க்கரை போடாதவன் என்பதால் சர்க்கரைக்கு அந்தப் பெயர். மனைவி டார்ச்சைத் திருகிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட! நெசமாவே வெண்ணெய்தான்."

"அப்ப ராத்திரி பாத்திரம் நீதான் கழுவணும்."

"ஆசைதான்" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினாள். தொப்பி கடைசியாகக் குழிக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே விளக்குகள் நின்றன. குழியின் வாயில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் போய்க் கறுப்பானது.

அதற்கப்புறம்தான் அவன் அழுக்குத் துணியைக் கவனித்தான். டார்ச் மரையில் சேரும் அழுக்கு கறுப்பாக இருக்கும். உலோகம் உரசிய பொடியும் பழைய கிரீஸும்தான். இது சாம்பல் நிறத்தில், விளக்கைப் பார்த்து மினுமினுத்தது. விரலில் தேய்த்தான். சலித்தெடுத்த மணல். ரப்பர் வளையம் நன்றாக இருக்கும்போது மணல் எப்படி உள்ளே போகும்? அதுவும் நாலிலும் ஒரே மணல், ஒரே அளவு. எழுந்து போய் மேஸ்திரியின் அலமாரியைத் துழாவினான். அடித்தட்டில், கந்தல் துணிக்குப் பின்னால் ஒரு பழைய தைல டப்பா இருந்தது. திறந்தால் உள்ளே அதே மணல், மாவுபோல.

திரும்பி வந்தபோது, சோதனைக்காக எரியவிட்டிருந்த நாலாவது டார்ச் அணைந்திருந்தது.

பேட்டரி என்று நினைத்தான். எடுத்துப் பார்த்தான். பேட்டரி இல்லை, தலைதான் கால்வாசிச் சுற்று தளர்ந்திருந்தது. நான்தான் ஞாபகமில்லாமல் தளர்த்தியிருப்பேன் என்று இறுக்கி எரியவைத்து, மேஜையின் நடுவில் நிறுத்திவைத்தான். குழியிலிருந்து ஈரச் சிமெண்டின் வாடையும், சூடு ஆறாத ரப்பரின் வாடையும், அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும், நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருவதைப்போல, மெல்ல ஏறி வந்து அறையில் தங்கின. மூன்று பேர் வேலை செய்தால் சுத்தியல் சத்தமாவது, பேச்சாவது, சர்க்கரையின் இருமலாவது மேலே கேட்க வேண்டும். கேட்கவில்லை.

செல்ஃபோனை எடுத்து மேஸ்திரிக்குப் போட்டான். பெரியவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஒரு சின்ன மிதப்பும் அதில் இருந்தது என்பதை மறைப்பானேன்.

"மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க. உங்க அலமாரியில ஒரு டப்பா மணல் இருக்கே..."

"இருக்கட்டும். அதுல கைய வைக்காதீங்க."

"டார்ச்சு மரையிலயும் அதே மணல்தான். யாரோ வேணும்னே போட்டிருக்காங்க."

"நான்தான் போட்டேன்."

"நல்ல பொருள இப்படியா பாழாக்குவீங்க? விடுங்க, நாலையும் சுத்தம் பண்ணிட்டேன். இப்ப சத்தமே இல்ல."

மேஸ்திரியின் குரல் மாறியது.

"யாராவது எறங்கிட்டாங்களா?"

"மூணு பேரும்."

"தம்பி, சொல்றத மட்டும் கேளுங்க. கீழ லைட்ட நிறுத்துனதுக்கு அப்புறம், சில நாளு, டார்ச்சு திரும்பும். நம்ம கை ரெண்டும் வேலையில இருக்கும். ஆனா காதுகிட்ட கரகரன்னு கேக்கும். கேட்டதும் ஒரு கையால டார்ச்ச இறுக்கிப் புடிச்சுக்கணும். இன்னொரு கையால ஏணியப் புடிச்சு ஏறிடணும். அடுத்தவங்களப் புடிக்க மூணாவது கை கிடையாது. அதான் அங்க சட்டம்."

"யாரு திருப்புறது?"

"நின்னு பாத்தவன் எவனும் சொல்லல."

"ஆபீஸ்ல சொல்லிருக்கலாமே..."

"மரை கழண்டவன்னு வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. அதான் மணலப் போட்டேன். திருப்ப வந்தா கஷ்டமா இருக்கணும், நமக்குக் கேக்கணும்." அவர் குரல் உடைந்தது. "தம்பி, இனிமே அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேக்காது. வெரசாக் கூப்பிடுங்க."

மேஜை மேலிருந்த டார்ச் அணைந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எப்போது அணைந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

சுவரில் இருந்த சுரங்க ஃபோனின் கைப்பிடியைப் பாய்ந்து எடுத்தான். கீழே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் எடுத்தாள்.

"என்னங்க?"

உயிர் வந்தது அவனுக்கு. "மேல வா. இப்பவே வா."

"வேலை பாதியில இருக்கு. இவனுங்க ரெண்டு பேரும் டார்ச்ச அணைச்சுட்டு வெளையாடுறானுங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கறானுங்க. செவுத்தப் பாத்து நிக்கிறானுங்க."

"அவங்கள விடு. உன் டார்ச்ச கையால புடி. இறுக்கிப் புடி."

"ஏன்? நல்லாத்தானே எரியுது." கொஞ்சம் நிறுத்தினாள். அவள் மூச்சுக்குப் பின்னால் சத்தமே இல்லாத ஒரு நீளமான இடம் கேட்டது. "என்னங்க, நீங்க கீழ வந்துட்டீங்களா?"

"நான் மேலதான் இருக்கேன். ஃபோன்லதானே பேசுறேன்."

"இல்ல, காதுகிட்ட யாரோ..."

அவன் காதைக் கைப்பிடியோடு அழுத்திக் கேட்டான். கரகரப்பு ஏதாவது. ஒரே ஒரு மணல் அரைபடும் சத்தம் ஏதாவது. ஒன்றுமில்லை. அவனே தேய்த்துத் துடைத்து எடுத்த சுத்தம். அவன் கடுகளவு தொட்டு வைத்த கிரீஸ். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தான்!

கீழே கைப்பிடி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஒரு முறை. மறுபடி ஒரு முறை. ஊசலாடி நின்றது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். தெரிந்தும் தைல டப்பாவைக் கவிழ்த்தான். நாலாவது டார்ச்சின் தலையைக் கழற்றி, விரலால் மணலை மரையில் அப்பினான். பாதி தரையில் கொட்டியது. மாட்டித் திருகினான். கரகர. அந்தச் சத்தம் இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஒரு தொப்பியைத் தலையில் கவிழ்த்து, டார்ச்சைக் காதோரத்தில் செருகிக்கொண்டு இறங்கினான். அவளை இங்கே கூட்டி வந்த மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தவனே அவன்தான்.

ஏணிக் கம்பிகள் ஈரமாக இருந்தன. கீழே போகப் போகக் காதை அடைத்தது. காலில் தரை பட்டது.

ஃபோனின் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி நெட்டை. சுவரைப் பார்த்து நின்றான். இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கின. முதுகு ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. பக்கத்தில் சர்க்கரை. அவனும் அப்படியே. டார்ச்சுகள் அணைந்திருந்தன.

ஸ்டோர்காரன் நிற்கவில்லை. அவர்களைத் தொடவும் இல்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் நிற்கவில்லை.

வளைவு. கேபிள்கள். அறுத்துப் பிரித்த ஒரு கேபிளின் செம்பு முனை மின்னியது. அதற்கு முன்னால் அவள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஏம்மா."

இன்னும் கிட்டே போனான்.

"ஏம்மா, நான்தான். வா, போயிடலாம். பாத்திரம் நானே கழுவுறேன், வா."

இரண்டு தோள்களையும் பிடித்துத் திருப்பினான். கனமில்லாமல் திரும்பினாள். அவன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்கள் திறந்திருந்தன. தெரிந்த கண்கள்தான். அவள் கைகள் பக்கத்தில் தொங்கின. கட்டைவிரலில் உரிந்த தோல்கூடத் தெரிந்தது.

அவள் காதோரம் டார்ச். அணைந்த டார்ச். அதன் தலைமேல் இரண்டு விரல்கள் இன்னும் இருந்தன. பின்னாலிருந்த இருட்டிலிருந்து வந்தவை. சாம்பல் நிறத்தில். ரேகை இல்லாமல். அவசரமே இல்லாமல்.

கரகர.

இது அவன் காதோரத்தில்.

ஒரு கை டார்ச்சுக்கு. ஒரு கை ஏணிக்கு.

அவனுடைய இரண்டு கைகளும் அவள் தோளில் இருந்தன. விட்டுவிடு என்று மனசு கத்தியது. விரல்கள் விடவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டன.

கரகர.

வெளிச்சம் ஒரு முறை சிமிட்டியது. அவள் முகம் போனது. வந்தது. மணல் முரண்டு பிடித்தது. அந்தப் பக்கமும் விடவில்லை. போனது. வந்தது. வரும்போதெல்லாம் அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் காதை, அதில் பட்டுக்கொண்டிருந்ததை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.