பச்சைக் கம்பி

கையை எடுத்த பிறகும் அந்தச் சின்ன விளக்கு அணையவில்லை.

சசிதரன் உள்ளங்கையை அகல விரித்துக் கித்தாரின் ஆறு கம்பிகளையும் அமுக்கிப் பார்த்தான். காலடியில் கிடந்த நாய்ஸ் கேட் பெடலுக்கு இருப்பதே ஒரு வேலைதான். வாசித்தால் கதவைத் திறக்கும், சிவப்பு விளக்கு எரியும். வாசிப்பை நிறுத்தினால் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கியின் இரைச்சல் வெளியே வராமல் கதவைச் சாத்தும், விளக்கும் அணையும். இப்போதோ யாரோ இன்னும் வாசித்துக்கொண்டிருப்பது போல அது பாட்டுக்கு எரிந்தது.

உத்தமபாளையத்தில் ஆடிக்காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த பிற்பகல் வேளை. மாடி அறையின் தகரக் கூரை படபடத்தது. கீழே அவன் கூட்டாளி மகிழனின் அப்பா ஏலக்காய் மூட்டைகளை அடுக்கியிருந்தார். அந்த வாசனை பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து, சூடேறிய ஆம்ப்பின் தூசி நாற்றத்தோடு கலந்து நெஞ்சைக் கரித்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாட்டைப் பதிவு செய்து சென்னை இசைக் கம்பெனிக்கு சி.டி. அனுப்பியாக வேண்டும். ஆம்ப் மகிழனுடையது, அறை மகிழனுடையது, சொல்லப்போனால் பாட்டும் மகிழனுடையதுதான். செத்தவன் கேட்கவா போகிறான் என்று சசி அதில் தன் பெயரை எழுதிவிட்டிருந்தான்.

மகிழன் கோட்டயத்தில் யாரிடமோ பழசாக வாங்கி வந்த, சத்தத்தை முறுக்கிக் கரகரக்க வைக்கிற ஹை-கெயின் ஆம்ப் அது. கெயினைக் கூட்டினால் கீழ்ச்சுரங்களின் அடிச்சத்தம் குழைந்துபோன சோறாகிவிடும். அதற்கு வைத்தியமும் மகிழன் சொல்லிக் கொடுத்ததுதான். முன்னால் ஓர் ஓவர்டிரைவ் பெடலைப் போடு, அதில் டிரைவ் திருகியைச் சுத்தமாகக் குறை, லெவல் திருகியை முழுக்கத் திற. பெடல் தேவையில்லாத அடிச்சத்தத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை ஓங்கி அறையும், ஒவ்வொரு அடியும் கயிறு போட்டுக் கட்டினது போல இறுகி நிற்கும்.

சசி டிரைவைக் குறைத்தான். லெவலைத் திருகினான். ஒரு அடி அடித்துக் கையை வைத்து அமுக்கினான்.

சத்தம் கச்சிதமாக வெட்டுப்பட்டது. ஆனால் அதன் அடியில் ஏதோ மிச்சம் கிடந்தது. ஈரமான, மெத்தென்ற ஒரு சத்தம்.

கொழகொழப்பு இருந்தவரை அது மறைந்து கிடந்திருக்கிறது. சசி அடிச்சத்தத்தை இன்னும் வெட்டினான். அந்த ஈரச் சத்தம் இன்னும் துலக்கமாக வந்தது. நாய்ஸ் கேட்டை இறுக்கினான். மற்ற இரைச்சலெல்லாம் போய் அது மட்டும் தனியாக நின்றது. மைக்கின் இரும்பு வலையில் உதடு ஒட்டி, பிரிந்து, ஒட்டுகிற சத்தம். அவனுக்கு அது தெரியும். பக்கத்து ஊரான தேவாரத்தில், ஒரு மேடையில் கேட்டிருக்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு கல்யாண வரவேற்பு. மேடையேறும்போது ஆம்ப் ஓயாமல் 'ம்ம்ம்' என்று முனகியது. ரேடியோ செட் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த குறுக்கு வழி ஒன்று உண்டு. பிளக்கைத் திறந்து எர்த்துக்குப் போகிற பச்சைக் கம்பியைக் கழற்றிவிட்டால் முனகல் நின்றுவிடும். கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புகிற கம்பி அது. சசிதான் கழற்றினான், மகிழனிடம் சொல்லவுமில்லை. மூன்றாவது பாட்டில் மகிழனின் உதடு மைக்கைத் தொட்டது. மின்சாரம் பாய்ந்து விரல்கள் கித்தார் கம்பியோடு ஒட்டிக்கொள்ள, ஒரே சுரம் அரை நிமிடம் விடாமல் நீண்டது. பின்னால் நின்ற சசி, பயல் இன்றைக்குப் பின்னுகிறான் என்று நினைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி நிதானமாகத் தட்டினான். கூட்டமும் சேர்ந்து தட்டியது. மகிழன் விழுந்தபோது மைக்கும் அவன் வாயோடு வந்தது.

யார் கழற்றினது என்று போலீஸ் கேட்டது. மகிழன்தான் சார் என்றான் சசி. மறுவாரமே பிளக்கை மாற்றி, கம்பியைச் சரியாக முடுக்கி, தடயத்தைத் துடைத்தெறிந்தான்.

"சசியண்ணே!" கீழே படிக்கட்டடியிலிருந்து கயலின் குரல். மகிழனின் தங்கை. "கரண்டு ரெண்டு மணிக்கே போயிருச்சே, நீங்க எப்படி வாசிக்கிறீக?"

சசி நிமிர்ந்து பார்த்தான். மின்விசிறி நின்றிருந்தது. டியூப்லைட் செத்துக் கிடந்தது. பெடல்களில் பேட்டரி உண்டு, அவை எரியலாம். ஆம்ப்பில் பேட்டரி கிடையாது. அதன் மஞ்சள் விளக்கு நின்று எரிந்தது.

"பேட்டரிம்மா!" என்றான்.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

மஞ்சள் விளக்கு அணையவில்லை. உதட்டுச் சத்தம் நிற்கவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. பிறகு குரல்.

"சொல்லுடா."

மகிழன் குரல். சத்தியமாக அவன் குரல்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்," கயல் இன்னும் போகவில்லை. "எங்கம்மா அண்ணன் போட்டோவுக்கு விளக்கு வைக்க மாட்டேங்கிறாக. தன் உசுரத் தானே போக்குன பயலுக்கு எதுக்கு விளக்குங்கிறாக. ராத்திரி பூராம் அவனையே வையிறாக. நெசமாவே எங்கண்ணன்தான் அந்தக் கம்பியக் கழட்டுச்சா?"

"சொல்லுடா," என்றது ஆம்ப்.

ஒரே வார்த்தை போதும். நான்தான். அது நாக்கு நுனி வரை வந்தது. போலீஸ், ஊர், வெள்ளிக்கிழமை, சென்னை எல்லாம் கூடவே வந்து நின்றன.

"ஆமாம்மா," என்று கத்தினான் சசி. "நான் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல."

கீழே கயலின் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போய் மறைந்தது. கதவு சாத்தப்பட்டது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

மூச்சில்லை, உதட்டுச் சத்தமில்லை. காற்று மட்டும். சசிக்கு அழுகையும் சிரிப்பும் ஒருசேர வந்தன. கித்தாரைக் கழற்ற இடது கையை எடுத்தான்.

கை வரவில்லை.

மறுபடி இழுத்தான். விரல்கள் கம்பிகளை இறுகப் பிடித்திருந்தன. அவன் பிடிக்கவில்லை. அவைதான் பிடித்திருந்தன.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு சுரம். ஒரே சுரம். கச்சிதமாக, பிசிறில்லாமல். மகிழன் கடைசியாக இழுத்த அதே சுரம்.

எலும்புக்குள் ஏதோ ஓடியது. பல் கிட்டியது. கழுத்து தானாக முன்னால் வளைந்தது. பாடுவதற்காக நிறுத்தியிருந்த மைக், ஒரு சாண் தூரத்தில். அரைச் சாண். கயலைக் கூப்பிட வாயைத் திறந்தான். நான்தான் என்று சொல்லத் திறந்தான்.

இரும்பு வலை உதட்டில் ஒட்டியது.

முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. நிதானமாக. ஒன்று. இன்னொன்று.

பின்பக்க ஜன்னலிலிருந்து சாய்ந்து வந்த வெயில் எதிர்ச்சுவரில் இரண்டு நிழல்களைப் போட்டிருந்தது. ஒன்று கித்தாரோடு வளைந்து நின்ற அவனுடையது. மற்றது கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது.