இடப்பக்க மூக்குத்தி

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில், சைக்கிள் கடைத் தகரக் கொட்டகைக்குள் மழைக்கு ஒதுங்கியவர்கள் நாலே பேர். ஓய்வுபெற்ற ஏட்டு வீரணன், அவருடைய அக்கா இருளம்மாள், மகள் வெள்ளத்தாய், ராஜபாளையத்துப் படக்காரன் சோலைச்சாமி. வேறு யாரும் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள். தகரத்தில் மழை இரைய, பெரியவர்கள் இருவரும் தெருவைப் பார்த்து நின்றிருந்தார்கள். வார் அறுந்த செருப்பை இடக்கையில் பிடித்தபடி வெள்ளத்தாய் நிமிர்ந்தாள். எதிரே இரண்டு கண்கள்... மழை சொட்டும் இமைகள்... கையில் பென்சில்.

"எதுக்கு இப்படி முறைக்கீய?"

"முறைக்கல... வரையுதேன்."

"யாரைக் கேட்டு?"

"மழையக் கேட்டேன். செத்த நேரம் நிக்கேன், வரைஞ்சுக்கோன்னுச்சு."

சிரிப்பு வந்துவிட்டது. மரியாதையான குடும்பத்துப் பெண். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஆனால் வீடு போய்ச் சேர்ந்தும் அந்தக் கண்கள்...

ஐப்பசியில் ராஜபாளையத்தில் ஒரு கண்காட்சி. தேர், கரகாட்டம், டாக்கீஸ் வாசல் கூட்டம் என எல்லாமே சோலைச்சாமி லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்த படங்கள். நடுவில் செருப்பும் கையுமாக வெள்ளத்தாய்! தளவாய்புரத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

சேதி கேட்ட வீரணன், அக்காவோடும் மகளோடும் வந்து நின்றார். மீசை துடித்தது.

"ஏலே! எம் பொண்ண ஊர் பாக்கத் தொங்க விட்டிருக்கியா? இறக்குலே!"

இருளம்மாள் படத்தருகே போய் உற்றுப் பார்த்தாள்.

"பொறு தம்பி. இவளுக்கு மூக்குத்தி இடப்பக்கம்லா இருக்கு! நம்ம பிள்ளைக்கு வலப்பக்கம். இது வேற எவளோ."

வீரணனுக்கு மூச்சு வந்தது. மானம் தப்பியது. அக்காவோடு வாசலுக்கு நடந்தார்.

வெள்ளத்தாய் நகரவில்லை. படத்தின் பக்கத்தில் செதுக்கிய அச்சும் இருந்தது. ஒற்றும்போது நேராக விழ வேண்டும் என்று சைக்கிள் கடைப் பெயர் எழுத்தைக்கூட இடவலம் மாற்றி வெட்டியிருந்தான். படத்தில் செருப்பு அவளுடைய இடக்கையிலேயே. மூக்குத்தி மட்டும்...

"அம்புட்டையும் சரியா மாத்தி வெட்டுனவியளுக்கு இது மட்டும் மறந்துபோச்சாக்கும்?"

"மறக்கல..." அவன் குரல் இறங்கியது. "யாரும் கேட்டா, நான் இல்லன்னு சொல்ல உங்களுக்கு ஒரு வழி வேணும்லா."

"வெட்டாமலே இருந்திருக்கலாமே?"

"முடியலயே... அன்னைக்கிருந்து கண்ண மூடுனா நீங்கதான் செருப்போட நிக்கீய!"

அவளுக்குக் கண் நிறைந்தது. சொல்லாமல் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால்...

"அப்பா!" தலை நிமிர்ந்தே சொன்னாள். "படத்துல இருக்கது நாந்தான். நம்ம மானத்துக்காவத்தான் இவிய மூக்குத்திய மாத்தி வெட்டியிருக்காவ. எனக்குத் தளவாய்புரம் வேண்டாம்ப்பா... இவியதான் வேணும்."

வீரணன் திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு மவன்லே?"

வெள்ளத்தாய் படக்காரனோடு ஓடிப்போனாள் என்று கான்சாபுரம் வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. பொய். தை மாதம், வீரணன் முன்னின்று பரிசம் போட்டு நடத்திய கல்யாணம் அது.