கடுகுப் பொட்டலத்தில் வந்த பந்தாட்டக்காரர்

கடுகை டப்பாவில் கொட்டிவிட்டு, பொட்டலத் தாளைக் கசக்கப் போனாள் சில்வியா. அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தாள்.

தாளில் ஒரு படம். அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் பந்தோடு நிற்கிறார். அவருடைய இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன, காற்றில் சாய்ந்த சவுக்குக் கன்று மாதிரி.

"ஜெபா, இங்க வாடா. உன் காலு மாதிரியே ஒருத்தருக்கு இருக்குது."

தம்பி ஜெபக்குமார் ஓடி வந்தான். அவனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவன் கால்கள் அப்படித்தான். அவன் ஓடுவதைப் பார்ப்பவர்கள், இதோ விழப்போகிறான் என்று நினைப்பார்கள். அவன் விழுந்ததே இல்லை.

சில்வியா சத்தமாகப் படித்தாள்.

"'பிரேசில் நாட்டுக் கரிஞ்சா, துணி மில் ஒன்றில் வேலை பார்த்தவர். மில் அணியில் பந்தாடினார். அவரது வலது கால் உள்பக்கமும் இடது கால் வெளிப்பக்கமும் வளைந்தவை. ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை. இந்தக் காலை வைத்துக்கொண்டு இவரா ஆடுவார் என்று சிரித்தவர்கள் உண்டு. 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குப் பிரேசில் அணி கிளம்பியது. அங்கே இவரை'"

"அங்கே இவரை?"

"அவ்ளோதான். கிழிஞ்சிருக்குது."

ஜெபா தாளைப் பிடுங்கித் திருப்பினான். பின்பக்கம் பல்பொடி விளம்பரம்.

"அங்க அவர இன்னா பண்ணாங்கக்கா? ஆட வுட்டாங்களா இல்லியா?"

அவனுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். போன வருஷம் பஞ்சாயத்து டிவியில் உலகக் கோப்பை பார்த்ததிலிருந்து அவர்கள் ஊர் வடக்குப்பட்டுப் பையன்களுக்குப் பந்துப் பித்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை படப்பைப் பையன்களோடு மேட்ச். பத்துப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அப்படியும் கேப்டன் பகலவன் ஜெபாவைச் சேர்க்கவில்லை.

அன்று சாயந்திரமே அக்காவும் தம்பியும் தாளோடு ஏரிக்குப் போனார்கள். தண்ணீர் வற்றிய ஏரிதான் மைதானம்.

"பத்துப் பேரோட ஆடுனாலும் ஆடுவேன்" என்றான் பகலவன். "இவன் அடிச்சா பந்தும் வளைஞ்சிகினுதான் போவும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சில்வியா தாளை நீட்டினாள்.

பகலவன் படித்தான். படத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு, "ஆடுனாரா?" என்று கேட்டான்.

"அதுதான் தெரியல."

"சரி, மீதித் தாளக் கொண்டா. ஆடியிருந்தார்னா ஜெபாவச் சேத்துக்கறேன். ஆட வுடாம குந்த வச்சிருந்தாங்கன்னா, இனிமே சேத்துக்கோன்னு கேக்கக் கூடாது."

"எப்போக்குள்ள?"

"நாயித்துக்கிழமை நாலு மணிக்கு மேட்ச். அதுக்குள்ள."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சில்வியா யோசித்தாள். ரத்தினம் அண்ணாச்சி கடையில் பொட்டலம் கட்டுவதை அவள் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறாள். பழைய பத்திரிகையிலிருந்து ஒரு தாளை உருவுவார். குறுக்கே மடித்து இரண்டாகக் கிழிப்பார். மேல்பாதி ஒரு பொட்டலத்துக்கு. கீழ்ப்பாதி அடுத்த பொட்டலத்துக்கு.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நேத்து எனக்குக் கடுகு குடுத்தீங்களே. அதுக்கு அடுத்த பொட்டலம் யாருக்குக் கட்டினீங்க?"

"நல்லாக் கேட்ட பிள்ள. நேத்து எம்புட்டு எறும்பு இந்த வழியாப் போச்சுன்னும் கேப்ப போலுக்கு."

"எனக்குப் பின்னால ஒருத்தங்க, 'பஸ்ஸு போயிடும், சீக்கிரம்'னு கத்துனாங்களே."

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "அது நம்ம ராஜம்மால்லா. சீரகம் வாங்கிட்டு ஓடுச்சு."

ஜெபா அக்காவைப் பார்த்தான். ராஜம்மா பகலவனுடைய அம்மா.

"போச்சுடா" என்றான் ஜெபா.

ராஜம்மாவுக்குப் போல்ட் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை. சனிக்கிழமை அரை ஷிப்ட். மத்தியானம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்காவும் தம்பியும் வாசலில் நின்றார்கள். பகலவனும் கூடவே நின்றான். அவனுக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

"அத்தே, நேத்து சீரகம் கட்டியிருந்த தாளு வேணும்" என்றாள் சில்வியா. "அடுப்புல போட்டுட்டீங்களா?"

"எழுத்து கீற தாள நான் அடுப்புல போடுவனா?"

ராஜம்மா பாயின் ஓரத்தைத் தூக்கினார். அடியில் பொட்டலத் தாள்கள் கசங்கல் நீவி அடுக்கியிருந்தன. நாலு மாதமாக அவர் பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறார். அங்கே கற்ற எழுத்துகளை வீட்டில் இந்தத் தாள்களில்தான் தேடிப் படிப்பார்.

சீரக வாசனையை வைத்தே தாளைக் கண்டுபிடித்துவிட்டான் ஜெபா. பகலவன் பாய்ந்து எடுத்தான்.

"குடுடா இப்படி" என்றார் ராஜம்மா. "என் தாளு. நான்தான் படிப்பேன்."

"யம்மா, நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள மேட்சே முடிஞ்சிடும்."

ராஜம்மாவின் முகம் சுருங்கியது. அவர் விரல் மட்டும் முதல் எழுத்தின் கீழே போய் நின்றது. நகத்தைச் சுற்றிக் கம்பெனி எண்ணெய்க் கறுப்பு.

சில்வியா நினைத்திருந்தால் நின்ற இடத்திலிருந்தே முழுவதையும் படித்திருப்பாள். அவள் சட்டென்று கண்ணைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நீங்க படிங்க அத்தே. நாங்க கேக்கறோம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். தம்பியையும் இழுத்து உட்கார வைத்தாள். பகலவனுக்கும் வேறு வழியில்லை.

"'மு... த... ல்... முதல். இ... ர... ண்... டு...'"

"இரண்டு" என்று பகலவன் வாயைத் திறந்தான். சில்வியா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"'முதல் இரண்டு ஆ... ட்... ட... ங்... க... ளி... ல்... ஆட்டங்களில். இ... ற... க்... க... வி... ல்... லை.'" ராஜம்மா மூச்சு விட்டார். "இறக்கவில்லை."

"பாத்தியா" என்று துள்ளி எழுந்தான் பகலவன். "குந்த வச்சிட்டாங்க."

ஜெபா தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் சில்வியா கேட்டாள்.

"தாளு முடிஞ்சிடுச்சா அத்தே?"

"ஒரு வரிதான படிச்சிருக்கேன். இன்னும் எவ்ளோ கீது. அதுக்குள்ள இவன் இன்னாத்துக்குக் குதிக்கிறான்?"

விரல் மெதுவாக நகர்ந்தது. 'மூன்றாவது' என்ற சொல்லுக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆனால் அதற்குப் பிறகு யாரும் குறுக்கே பேசவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் கரிஞ்சாவை இறக்கினார்கள். உடம்பு இடப்பக்கம் சாயும், ஆள் வலப்பக்கம் பறப்பார். எதிரணிக்காரர்கள் திணறிப் போனார்கள். அந்தக் கோப்பையைப் பிரேசில் வென்றது.

பகலவன் எப்போது அம்மாவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தானோ தெரியவில்லை. "அப்பறம்மா? அப்பறம் இன்னா போட்டுக்கீது?" என்று அவன்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"'தொ... ட... ர்... ச்... சி. தொடர்ச்சி முப்பத்தி நாலாம் பக்கம்.'" ராஜம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "யப்பா. இதுக்குப் பத்துப் பெட்டி போல்ட்டு தூக்கிடலாம்."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ யாரடா குந்த வச்சிருக்க?"

பகலவன் காலால் தரையைத் தேய்த்தான். "அவருக்கே மொத ரெண்டு மேட்ச் இல்லியேம்மா. மூணாவதுலதான சேத்தாங்க."

"எனக்கும் ரெண்டு முடிஞ்சிடுச்சு" என்றான் ஜெபா. "போன மாசம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஒண்ணு."

பகலவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "சரிடா. வா."

ஞாயிற்றுக்கிழமை படப்பை கோல்கீப்பர், ஜெபாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். கால் காட்டிய பக்கம் பாய்ந்தான். பந்து வளைந்துகொண்டு மறுபக்கமாக உள்ளே போனது. அவன் எழுந்து, பந்தைத் தேடாமல் ஜெபாவின் காலையே இன்னொரு முறை பார்த்தான்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. பகலவன் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்: "எங்க ஜெபா அடிச்சா பந்து வளைஞ்சிகினு போவும், தெரியுமா?"

திங்கட்கிழமை காலை சில்வியா கடைக்குப் போனபோது, ராஜம்மா அங்கே முதல் ஆளாக நின்றிருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"சீரகம் அம்பது கிராம், அண்ணாச்சி."

"வெள்ளிக்கிழமதான வாங்கிட்டுப் போனிய? அதுக்குள்ள தீந்துட்டா?"

"அது அப்படியே கீது" என்றார் ராஜம்மா. "இத முப்பத்தி நாலாம் பக்கத்துல கட்டிக் குடுங்க."