ஒச்சப்பனின் மூச்சு

ஆஸ்பத்திரியின் பூஞ்சைமானி மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னது. ஒச்சப்பனின் நெஞ்சுக்குள் புகுந்திருந்த பூஞ்சை, கைவசமிருந்த ஐந்து மருந்தில் ஒன்றுக்கும் மசியவில்லை. மாற்று நுரையீரல் வைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குடியேறிவிட்டது சனியன்.

“என்ன தொழில்ங்கய்யா?” என்றார் டாக்டர் ஜெசிந்தா.

“திராட்சைத் தோட்டம்மா. கம்பம் பக்கம்.”

“அதான். செடிக்கு நீங்க அடிக்கிற மருந்தும் உங்களுக்கு நாங்க குடுக்குறதும் ஒரே குடும்பம். இந்தப் பூஞ்சை அத அங்கயே தின்னு பழகிருச்சு. தோட்டத்துல இருந்து ஏதாச்சும் உள்ள வந்துச்சா?”

அவன் மனைவி ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். முதல் அறுப்பில் ஒரு கொத்தை அவன் ருசி பார்க்காமல் எந்த வருஷமும் லாரி கிளம்பியதில்லை. இந்த வருஷமும் விடக்கூடாதென்று, நர்ஸ் கண்ணில் படாமல் முந்தானைக்குள் கொண்டுவந்தவள் அவள்தான்.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. ஆய்வகத்தில் உருவாக்கிய காவற்பூஞ்சை. மனித உடம்பைத் தொடாது. மற்றப் பூஞ்சைகளைத் தேடித் தின்னும். மூச்சோடு இழுத்தால் நுரையீரலிலேயே தங்கிவிடும்.

“முப்பது வருஷமா பூஞ்சையக் கொன்னுக்கிட்டு இருக்கேன். அதையே நெஞ்சுல வச்சுக்கச் சொல்றீகளே!” என்றான் ஒச்சப்பன், இருமலுக்கு நடுவே.

“பேசாம இழுங்க” என்று ஈஸ்வரி அதட்டினாள். இழுத்தான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் வாரம் யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறி, மேலே நின்று ஒரு முழு மூச்சு விட்டான். அப்பாடா என்றிருந்தது. ஈஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே நிபந்தனை போட்டார்கள். தோட்டத்தில் இனி மருந்தடிக்கக் கூடாது. பட்டால் காவற்பூஞ்சை செத்துவிடும். இந்தப் போகம் சாம்பல் பூஞ்சை நோய்க்குத்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, பந்தலுக்கடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தான். ஒரு மாதம் கழித்து அண்ணாந்து பார்த்தால் ஒரு இலையில்கூடச் சாம்பல் இல்லை. அவன் விட்ட மூச்சிலிருந்து காவற்பூஞ்சை கொடிக்கும் ஏறியிருந்தது.

சேதி பரவியது. டாக்டருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான்.

“உங்க தோட்டத்தோட நிறுத்திக்கங்கய்யா” என்றார் டாக்டர். “ஊரெல்லாம் பரப்புனா, தப்பிச்ச பூஞ்சை இதுக்கும் பழகிரும். அப்புறம் உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

போனை வைத்தபோது வாசலில் பக்கத்துத் தோட்டக்காரர்களின் ஐந்து வண்டிகள் நின்றன. முன்னால் நின்றவன் ஈஸ்வரியின் தம்பி முருகேந்திரன்.

“நம்ம பந்தலுக்கு வா மச்சான், ஒரு நாள் போதும். கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விடு. அளவுக்கு மேல ஒரு பங்கு கூடவே விழட்டும், என்ன ஆயிரப்போகுது?”

மருந்து கலக்குகிறவன் மூடியில் அளந்து ஊற்றும்போதெல்லாம், பக்கத்தில் நின்று ஒச்சப்பன் சொல்லிவந்ததும் இதையேதான்.

“நான் எங்கயும் வரல. போங்கப்பா” என்றான்.

ஒருவரும் நகரவில்லை. காற்று அவர்கள் தோட்டங்களைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் வாயை இறுக மூடிக்கொண்டான். மூச்சை எப்படிப் பிடித்துவைப்பது என்றுதான் தெரியவில்லை.