ஏழாவது சர்

காலையில் தபால் வந்தபோது உறை ஒட்டியபடியேதான் இருந்தது. ஹெஸ்டர் தன் கையாலேயே அதைக் கூடத்து மேசையில் வைத்தாள். மாலை நான்கு மணிக்கு, யார்க்ஷயரின் டிசம்பர் இருட்டு சன்னல்களில் படியத் தொடங்கியபோது வந்து பார்த்தால் உறை கிழிந்து கிடந்தது. கத்தியால் கிழித்ததல்ல. ஈரமாக, சப்பி இழுத்ததுபோல. உள்ளே இருந்த கடிதத்தைக் காணோம்.

‘சர் எட்மண்ட் தோர்ல்பி’ என்று முகவரி. அப்படி ஒருவர் உயிரோடு இல்லை என்பது ஹெஸ்டர் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆறாவது ‘சர்’ பட்டக்காரரான அவள் அப்பா மார்ச்சில் இறந்தார். இருநூறு வருடப் பட்டம். மகனுக்குப் போகுமே தவிர மகளுக்குக் கிடையாது. பட்டம் அற்றுப்போனால் வீடும் கைமாறும் என்று பழைய பத்திரம் சொன்னது. ஐம்பது வயதில் அவள் எங்கே போய் ஒண்டுவாள்? அண்ணன் எட்மண்ட் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டான். அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, அப்போது உடுத்திய அங்கியோடு குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். பட்டத்தின் வாரிசு விவரத்தை வக்கீல் எழுதிக் கேட்டபோது, ஹெஸ்டர் அந்தச் சாவை மட்டும் விட்டுவிட்டாள். ‘கனடாவில் வசிக்கிறார்’ என்று சேர்த்தாள். அரசுப் பதிவேட்டில் ஏழாவது சர் ஏறிவிட்டார். யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று நினைத்தாள்.

“மிஸஸ் கார்பட், இந்தக் கடிதத்த யார் பிரிச்சது?”

சமையற்காரி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்று மாலை அவளுக்கு விடுப்பு. “ஐயாதான் பிரிச்சிருப்பாரு.”

“எந்த ஐயா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க, மிஸ்! கனடாவுலேர்ந்து அண்ணன் வந்து மூணு நாளாச்சு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. படிப்பறையிலேர்ந்து கூப்பிடுற மணி சமையக்கட்டுல ஓயாம அடிக்குது. கதவுகிட்ட ஆட்டுக்கறி வச்சேன், தொடல. பாலு மட்டுந்தான் எறங்குது. அம்பது தாண்டின ஆம்பளைக்கு இது என்ன கூத்து?”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பின்கதவு சாத்தும் சத்தமும், சரளைக் கற்களில் அவள் பூட்ஸ் தேய்ந்து தேய்ந்து மறையும் ஓசையும் அடங்கியபின், ஒன்பது மாதமாக ஹெஸ்டருக்குப் பழகிப்போன அந்த வெறுமை வீடு முழுக்கப் பரவ, அதற்கு அடியில், புளித்த பாலும் நனைந்த கல்லும் கலந்த வாடையோடு, யாரோ மூச்சுவிடுவது கேட்டது.

அவள் பயந்துவிட்டாள். வீடு போனால் போகட்டும். இப்போதே வக்கீலுக்கு உண்மையை எழுதிவிட வேண்டும். அண்ணன் இறந்துவிட்டான், பட்டமும் அற்றுப்போயிற்று என்று இரண்டே வரி.

தாளும் பேனாவும் படிப்பறையில்தான் இருந்தன.

நடைக்கூடம். குளிர். கதவு. உள்ளே ஒரு சின்ன விக்கல்.

திறந்தாள்.

அப்பாவின் நாற்காலியில் அது இருந்தது. தையல் விட்டுத் தெறித்த ஞானஸ்நான அங்கிக்குள் ஆளுயர உடம்பு. நரைத்த மயிர். கழுத்து நிற்கவில்லை. தலை தோளில் சரிந்து கிடந்தது. ஒருதரமும் திறந்திராத கண்கள். முகவாயில் ஊறிய காகிதம் ஒட்டியிருந்தது.

அவள் மூச்சுச் சத்தத்துக்கு அந்தத் தலை மெல்ல உருண்டு திரும்பியது. பல்லில்லாத வாய் திறந்தது. தூக்கிக்கொள்ளச் சொல்லி, இரண்டு கைகளையும் தங்கையிடம் நீட்டியது.