நீலப் பேணி

மார்கழி மழைக்கு அரச கச்சேரி உத்தியோகத்தர் என்றும் தெரியாது, மீன்காரன் என்றும் தெரியாது. திருகோணமலையில் அன்று அது எல்லோரையும் ஒன்றாகத்தான் நனைத்தது.

உள்துறைமுக வீதி வளைவில் நிவேதிகாவின் ஸ்கூட்டி வழுக்கியது. வழுக்கினால் வழுக்கட்டும்... நேரே போய் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டியிலா முட்ட வேண்டும்? பெட்டி கவிழ்ந்து, பாரை மீன்கள் பளபளவென்று தார் வீதியெல்லாம் சறுக்கி ஓடின.

"கண்ணைக் கொண்டுபோய் எங்க வச்சிருக்கிறீங்க?" சீறிக்கொண்டு இறங்கினான் அவன்.

"நீங்க வீதிய மறிச்சுப் பெட்டி கட்டினா ஆரும் முட்டத்தானே செய்வினம்?" அவளும் விடவில்லை.

வாய் சண்டை பிடித்தாலும் கை சும்மா இருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். செவுளுக்குள் இரண்டு விரலை விட்டு, பெருவிரலால் தலையை அமத்தி, மீனைத் தூக்கிப் பெட்டியில் போட்டாள். ஒன்று... இரண்டு... மூன்று...

அவன் அப்படியே நின்றுவிட்டான். சேலை கட்டிக் கந்தோர் வேலைக்குப் போகும் பெண்கள் மீனை வாலில்தான் பிடிப்பார்கள். அது வழுக்கும், "ஐயோ" என்பார்கள். இது அவன் ஊரான சல்லிக் கடற்கரைப் பிள்ளைகளின் பிடியல்லவா!

"ஆர் உங்களுக்கு இப்பிடித் தூக்கப் பழக்கினது?"

"சின்னனில ஒருத்தன். பழக்கிப்போட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிட்டான்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். மழை வழியும் அந்த முகம்... இமையெல்லாம் துளி தொங்கும் அந்தக் கண்கள்... இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு. விளையாட்டில் அவள் எறிந்த சிப்பி பட்ட தழும்பு அது.

"சுகி...?"

"சுகிர்தன்" என்று திருத்தினான் அவன். ஆளைத் தெரிந்துகொண்ட பிறகும் அவன் குரலில் மழையைவிடக் குளிர்.

"மழைக்க நிண்டா சண்டையும் சளியும்தான் மிச்சம். ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று எதிர்த் தேநீர்க்கடையிலிருந்து முனாப் நானா கூப்பிட்டார். போகாமல் இருக்க இருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. நானா இரண்டு பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார். அவர் கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ்தான்.

நிவேதிகா ஆவி பறக்கும் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சல்லியிலிருந்து மீன் கூடையோடு கனகம்மா வருவாள். பின்னால் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி அவள் மகன் சுகி வருவான். கனகம்மா அன்புவழிபுரத் தெருவெல்லாம் விற்றுத் திரும்பும்வரை அவன் நிவேதிகாவின் வீட்டில், அவளுக்குத்தான் சொந்தம். பின்வளவு முருங்கையடியில் விளையாடிக் களைத்தால் தண்ணீர். குசினிக்கு வெளியே சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கும் நீல இனாமல் பேணி... அதில்தான் அவன் குடிப்பான். பிறகு திடீரென்று ஒரு சனிக்கிழமை கனகம்மா மட்டும் தனியே வந்தாள். அன்று முழுக்க நிவேதிகா அழுதாள்.

"ஏன் வராமல் விட்டனீங்க?"

"தெரியாதோ?" அவன் கடலைப் பார்த்தபடி சிரித்தான். "உங்கட ஒம்பதாவது பிறந்தநாள். உங்கட மச்சான் ஒருத்தர் தண்ணி குடிக்க அந்தப் பேணியைக் கழட்டினவர். 'அது சுகிட பேணி! வேற ஒருத்தரும் அதில குடிக்கக் கூடாது!' எண்டு கத்தினது ஆர்?"

"நான்தான்..."

"பெரியாக்கள் எல்லாம் சிரிச்சினம். 'பிள்ளை சாதி முறை தெரிஞ்சு வளருது' எண்டு உங்கட மாமா கை தட்டினவர். எனக்குப் பதினொரு வயசு. அந்தப் பேணி ஏன் வெளியில தொங்குது எண்டு எனக்குத் தெரியும். மற்ற ஆக்களிட்ட அதைத் தாங்கினனான். உங்களிட்ட ஏலாமல் போச்சு. அண்டைக்கே எங்கட முத்துமாரியம்மனில சத்தியம் பண்ணினனான்... அந்த வீட்டுப் பச்சத்தண்ணி இனி என்ட வாயில படாது எண்டு."

நிவேதிகா கிளாஸைத் தள்ளி வைத்தாள். பதினெட்டு வருஷமாக இதையா இவன் சுமந்தான்?

"சுகி, எனக்கு அப்ப உண்மையா விளங்கேல்ல. வீட்டில எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ், உங்களுக்கு மட்டும் வடிவான நீலப் பேணி. அம்மாவுக்கு உங்களில அவ்வளவு பட்சம் எண்டு நினைச்சனான். எனக்குப் பொறாமை! மச்சான் அதைத் தொட்டோன கோவம் வந்திட்டுது. நீங்க... நீங்க என்ட ஆள் எண்டுதான் கத்தினனான்."

ஒரு கணம் அவன் கண்கள் கலங்கின. ஆனால் வீம்பு சும்மா விடுமா?

"பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு நல்ல வடிவாத்தான் கதை சொல்லுறீங்க" என்று எழுந்தான்.

"பொய் எண்டு நினைச்சா சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பாருங்கோ. முன்வாசலால வாங்கோ."

அவன் மழைக்குள் இறங்கிப் போனான்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவள் கண் வாசல் படலையிலேயே இருந்தது. விஷயம் கேட்ட அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கனகம்மாட பொடியனை முன்வாசலால கூப்பிட்டியோ? நாலு சனம் என்ன கதைக்கும்?"

"சின்னனில இருந்து அந்த நாலு சனத்தையும் தேடுறன் அம்மா. கண்டா எனக்கும் காட்டுங்கோ."

பத்து மணிக்கு வந்தான். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு. ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. இப்போது திரும்பிப் போனால் இவன் இனி வரவே மாட்டான்.

"உள்ள வந்து இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை. அவன் பார்வை மேசையில் குத்தி நின்றது. அவளுடைய கந்தோர்ப் பைக்குப் பக்கத்தில், அவள் பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீரோடு... நீலப் பேணி. விளிம்பெல்லாம் இனாமல் உதிர்ந்திருந்தது.

"இது... இன்னும் இருக்கோ?"

நிவேதிகா வாய் திறக்குமுன் அம்மா பொரிந்து தள்ளினாள்.

"அதை ஏன் கேக்கிறாய் தம்பி! இவளுக்குப் பதினைஞ்சு வயசு. வளவு துப்புரவாக்க வந்த ஆளுக்கு நான் அதில தண்ணி குடுக்க, என்னை ஒரு பார்வை பாத்தாள். அழுதுகொண்டு ஆணியில இருந்து கழட்டினவள்தான். அண்டையில இருந்து இதிலதான் குடிப்பு. கம்பஸுக்கும் கொண்டு போனவள், வேலைக்கெண்டு வவுனியாவுக்கும் கொண்டு போனவள். கிளாஸில தந்தா ஏலாதாம்! பன்ரெண்டு வருஷமா நான் சொல்லாத பேச்சில்ல."

முறைப்பாடு சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்று அம்மாவுக்கு உறைத்தது. தலை தானாகக் குனிந்தது.

சுகிர்தன் படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

"நிவி..." பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர்! "தண்ணி விடாய்க்குது."

அம்மா பதறி எழுந்தாள். அலுமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த நல்ல கிளாஸை எடுத்துக் கழுவி, தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவன் மேசைக்குப் போய்விட்டிருந்தான்.

"வேண்டாம் அம்மா. இவ குடிச்ச மிச்சம் எனக்குக் காணும்."

நீலப் பேணியை இரு கையாலும் தூக்கி, அவள் வாய் வைத்த பக்கத்திலேயே வாய் வைத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தான். நீட்டிய கிளாஸை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நின்ற அம்மா, கடைசியில் அதைத் தானே குடித்துவிட்டுக் குசினிப் பக்கம் போனாள்.

நிவேதிகா அழுதுகொண்டே சிரித்தாள். "சத்தியம் பண்ணினனீங்களே... அம்மன் கோவிக்க மாட்டாவோ?"

"அம்மனிட்ட நான் கதைக்கிறன். அவவுக்கு என்னைத் தெரியும்." அவன் பேணியை மேசையில் வைத்தான். "பதினெட்டு வருஷமா உன்னில கோவம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான் நிவி. கோவம் இல்ல... உன்னில உள்ள விருப்பம்தான் விடாமல் நோகுது. நான் ஒண்டு கேக்கலாமோ..."

"ஓம்."

"இன்னும் கேக்கேல்லையே!"

"கேள், கேள்... ஆனா பதில் ஓம்தான்."